காரைக்குடியிலிருந்து ஹாட்யாய்: சைக்கிளோடு எல்லை தாண்ட என்னென்ன வேணும்?

செம்மண்பாதை (காரைக்குடி)

எல்லாருக்கும் வணக்கம். திட்டம் இதுதான்: திருச்சியில் விமானம் ஏறி கோலாலம்பூர். அங்கிருந்து மேற்குக் கரையோரமாகவே பினாங்கு. தைப்பூசத்தை ஒட்டி ரெண்டு நாள் அங்கே தண்ணீர்மலை முருகன் கோயில். அப்புறம் கெடா வழியாகத் தாய்லாந்து எல்லையைத் தாண்டி ஹாட்யாய், திரும்ப கோலாலம்பூர். மொத்தம் 24 நாள்.

வண்டி 700சி ஹைபிரிட், 8 ஸ்பீடு, கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக், பின் சக்கரத்தில் 32 ஸ்போக். பைகளோடு சுமை 22 கிலோ வருது, எல்லாமே பின் கேரியரில். பெட்டி கட்டுவது, எடுத்துப்போக வேண்டிய சாமான், எந்த எல்லை, என்ன காகிதம் என்று நாலு சந்தேகம் இருக்கு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர்_பட்டறை

தம்பி, அந்த நாலுக்கும் முன்னாடி 22 கிலோவைப் பேசுவோம். 32 ஸ்போக் பின் சக்கரத்து மேல 22 கிலோ, அதுக்கு மேல உங்க எடை. வெளிநாட்டுப் பயணம் பாதியில நிக்கிறதுக்கு முதல் காரணம் பின் சக்கர ஸ்போக்தான்.

பாரத்துல ஸ்போக் இழுபட்டு அறுந்துபோகுதுன்னு நினைக்கிறாங்க. அது தப்பு. சக்கரம் சுத்தும்போது தரையைத் தொடுற இடத்துக்கு வர்ற ஸ்போக் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளருது, மேல போனதும் திரும்ப இறுகுது. முறுக்கு ஏற்கனவே குறைவா இருந்தா ஹப்புக்குள்ள (சக்கரத்து நடு உருளை) போற வளைவுல அது ஆடும். கம்பியை அங்கிட்டும் இங்கிட்டும் வளைச்சா முறியுமே, அதே கணக்கு. கடையில இருந்து வர்ற புது வண்டியில முறுக்கு சமமா இருக்கிறது அபூர்வம்.

செய்ய வேண்டியது: சுமையை 15 கிலோவுக்குள்ள கொண்டு வாங்க. அதுல 5, 6 கிலோவை முன் ஃபோர்க்கில் தாழ்வா மாட்டுங்க. சக்கரத்தைக் கையால கோட்டம் எடுக்கத் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்து எல்லா ஸ்போக்கையும் ஒரே முறுக்குக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. அப்புறம் முழுச் சுமையோட தேவகோட்டை, தொண்டின்னு போய்த் திரும்புங்க, 120 கிலோமீட்டர் சொச்சம் வரும். அப்படி ரெண்டு தடவை ஓட்டிட்டு மறுபடி கோட்டம் பாருங்க. புது முறுக்கு 200, 300 கிலோமீட்டர்ல உட்கார்ந்துரும், அதுக்கப்புறம் அசையாது. முடிஞ்சா 36 ஸ்போக் சக்கரமே கட்டிக்கோங்க. அதுக்கு ஹப்பும் ரிம்மும் சேர்த்து மாத்தணும்.

உபரி ஸ்போக் வலதுக்கு 3, இடதுக்கு 3. ரெண்டு பக்கத்துக்கும் நீளம் ஒன்னு கிடையாது, 2 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் வரும். பெரும்பாலும் அறுந்துபோறது வலது பக்கம், பல்சக்கரத்துக்குப் பின்னால. அந்தப் பல்சக்கர அடுக்கை, அதான் கேசெட்டை, கழட்டாம அங்க ஸ்போக் மாத்த முடியாது. அதனால கேசெட்டைக் கழட்டுறதுக்கு உள்ளங்கைக்குள்ள அடங்குற சின்ன லாக்ரிங் திருகி ஒன்னு கட்டாயம்.

சரளைக்கல்

அண்ணே சொன்னதோட ரெண்டு சேர்த்துக்கோங்க. கேரியர் போல்ட் எல்லாம் எம்5 (5 மில்லிமீட்டர் தடிமன்). அதிர்வுல தன்னால கழண்டு விழும். நீல நிறத் திரெட் லாக்கர் (திருகு கழராம பிடிக்கிற பசை) ஒரு சொட்டு விட்டு முறுக்குங்க, உபரிக்கு 16, 20 மில்லிமீட்டர் நீளத்துல நாலு போல்ட். சிவப்பு லாக்கர் வேண்டாம், சூடு காட்டாம அது கழராது.

அடுத்து டிரெயிலியர் ஹேங்கர். பின் கியர் தொங்குற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு. விமானத்துல பெட்டியைப் படுக்கப் போட்டா முதல்ல வளையறது அதுதான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது தனி வடிவம். ஹாட்யாய் கடையில உங்க மாடலுக்கு இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. ஒரு உபரி, 30 கிராம்கூட வராது.

பள்ளத்தூரான்

டியூப் நம்ம ஊர் சைக்கிள் கடையிலேயே மொத்தமா வாங்கிக்கலாமா?

கோட்டையூர்_பட்டறை

பாத்து வாங்கணும். நம்ம ஊர்ல 28 இஞ்ச்னு குடுக்கிறது கருப்பு சைக்கிளோட 28 x 1½. அதோட ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். 700சி-க்கு 622. அந்த டயர் இந்த ரிம்முல உட்காரவே உட்காராது, தொளதொளன்னு இருக்கும். டியூபை இழுத்துச் சேத்து அவசரத்துக்கு ஓட்டலாம். ஆனா அதுல வால் டியூப் போட்ட பழைய வால்வு இருக்கும், உங்க பம்பு பிடிக்காது. 700 x 35/43 அளவுன்னு கேட்டு மூணு வாங்குங்க. ரிம் ஓட்டை எந்த வால்வுக்குன்னும் பாருங்க: மோட்டார்சைக்கிள் மாதிரி தடிமனா, இல்ல ஒல்லியா? தடிமன் வால்வுன்னா வழியில எந்தப் பெட்ரோல் பங்க்லயும் காத்தடிச்சுக்கலாம்.

நம்ம பக்கம் பஞ்சர்னா கருவேலமுள். அங்க லாரி டயர் வெடிச்சுச் சிதறுற எஃகு நூல்கம்பி. மயிர் அளவுதான் இருக்கும், சாலை ஓரத்துல கிடந்து டயருக்குள்ள போய் நிக்கும். டியூபை மட்டும் மாத்தினா அரை மணி நேரத்துல அதே இடத்துல மறுபடி பஞ்சர். டயர் உள்பக்கத்தைப் பஞ்சு வச்சுத் தடவுங்க. பஞ்சு எங்க இழுபடுதோ அங்க கம்பி. புருவம் பிடுங்குற இடுக்கி ஒன்னு பையில இருக்கட்டும்.

செம்மண்பாதை (காரைக்குடி)

ரொம்ப நன்றி அண்ணே. சுமையை 16-க்குக் குறைச்சுட்டேன். பெட்டி கட்டுவது எப்படி?

சரளைக்கல்

புது சைக்கிள் வர்ற அட்டைப்பெட்டியைக் கடையில கேட்டு வாங்குங்க, காரைக்குடியிலேயே கிடைக்கும்.

பெடல் ரெண்டையும் கழட்டணும். இடது பெடலுக்குத் திருகு எதிர்ப்பக்கம், வலப்புறமா சுத்தினாத்தான் கழரும். இது தெரியாம பலத்தைக் காட்டி இழை போன வண்டிகள் ஏராளம். சீட் கம்பத்துல உயரத்துக்கு இன்சுலேஷன் டேப் சுத்தி அடையாளம் வச்சுட்டு உருவுங்க. ஹேண்டில்பாரைக் கழட்டி மேல் குழாயோட சேத்துக் கட்டுங்க, கேபிள் மடியாம. பின் டிரெயிலியரை, அதான் பின் கியரை, 5 எம்எம் ஆலன் கீயால கழட்டி, துணியில சுத்தி, ஃபிரேமுக்கு உள்பக்கமா கட்டிருங்க. ஹேங்கர் தப்பிக்கிறதே இதுலதான்.

முன் சக்கரம் கழண்ட ஃபோர்க் வெறுமனே நின்னா, பெட்டி மேல சுமை விழும்போது ஒட்டி நசுங்கும். பி.வி.சி. பைப்பை 100 மில்லிமீட்டருக்கு வெட்டி நடுவுல கொடுத்து, நீளப் போல்ட் கோத்து இறுக்குங்க. செலவு பத்து ரூபாய்தான். பிரேக் கேலிப்பர்ல மடிச்ச அட்டை செருகுங்க. டிஸ்க் தகட்டைக் கழட்டுறதா இருந்தா டி25 டார்க்ஸ் (நட்சத்திர முனை) சாவி வேணும். டயர்ல காத்தைப் பாதி இறக்குங்க. முழுசா இறக்கிட்டா ரிம்முக்குப் பாதுகாப்பு போயிரும்.

எடையை வீட்டுலயே பாருங்க. உருப்படி ஒன்னு 32 கிலோவைத் தாண்டினா ஏத்தமாட்டாங்க. அதுக்குள்ள எவ்வளவு இலவசம்னு டிக்கெட்டைப் பொறுத்தது. விளையாட்டுச் சாமான்னு முன்கூட்டியே ஆன்லைன்ல பதிஞ்சுருங்க, கவுன்டர்ல போய்க் கேட்டா கட்டணம் எகிறும்.

பவர் பேங்க் கைப்பையில மட்டும். 100 வாட்-மணி வரைக்கும் கேள்வி கிடையாது. அடுப்பு கேஸ் குப்பி எந்தப் பையிலயும் கூடாது. பஞ்சர் சொல்யூஷன் தீப்பிடிக்கிற சாமான் கணக்குல வரும், எடுத்து வெளிய போட்டா கேள்வி கேக்க முடியாது. பசை தேவைப்படாத ஒட்டு வில்லை கொண்டு போங்க, சொல்யூஷன் அங்க வாங்கிக்கலாம்.

ஆச்சி_தேவகோட்டை

சைக்கிளைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீங்க, திருச்சியிலேயே நிறுத்திட்டா என்ன பண்றது? காகிதத்தை நான் சொல்றேன்.

பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லணும். பத்தாவது தேறாதவங்க பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கும், சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேணும் என்று அர்த்தம். அந்த 18 நாட்டுப் பட்டியலில் மலேசியாவும் இருக்கு, தாய்லாந்தும் இருக்கு. சுற்றுலாவுக்குத் தடை இல்லை. ஆனால் திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்துச் சீட்டு இரண்டையும் அச்சடித்துக் கையில் வைக்கணும். சைக்கிள்காரர்கள் ஒருவழி டிக்கெட் போட்டுவிட்டு 'சாலை வழியாகப் போய்விடுவேன்' என்று சொன்னால் கவுன்டரில் ஏற்றுக்கொள்வது சந்தேகம்தான். கோலாலம்பூரிலிருந்து திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே போடுங்க.

மலேசியாவில் இந்தியர்களுக்கு 30 நாள் விசா வேண்டாம் என்பது 2023 டிசம்பர் 1-ல் தொடங்கியது, 2026 டிசம்பர் 31 வரை நீட்டியிருக்காங்க. தாய்லாந்துக்கும் விசா விலக்கு கொடுத்தாங்க. ஆனால் அங்கே நாள் கணக்கை மாற்றுவதைப் பற்றிய பேச்சு ஓயவே இல்லை. டிக்கெட் போடுகிற வாரத்தில் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளணும்.

இரண்டு நாட்டுக்கும் மின்னணு வருகை அட்டை உண்டு. தாய்லாந்தில் 2025 மே 1 முதல் கட்டாயம். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பணும், இரண்டுமே இலவசம். பணம் கேட்கிற தளம் என்றால் அது அரசாங்கத் தளம் இல்லை. உங்கள் திட்டத்தில் மலேசியாவுக்குள் இரண்டு தடவை நுழையறீங்க. ஹாட்யாயிலிருந்து திரும்பும்போது மலேசிய அட்டையை மறுபடி நிரப்பணும். சைக்கிளில் போகிறவர்களுக்கு நாள் முன்னே பின்னே ஆகும், அதனால் வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் நிரப்பி வைத்துக்கொண்டு போகாதீங்க.

காருக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் கேட்கிற கார்னே (வண்டியைத் தற்காலிகமாக எல்லை தாண்டி எடுத்துப்போகும் சுங்க ஆவணம்) சைக்கிளுக்குத் தேவை இல்லை. ஆனால் விலை கூடுதலான வண்டி என்றால் திருச்சி சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிடுங்க. ஃபிரேம் எண்ணும் கேமரா எண்ணும் அதில் ஏறணும். திரும்பி வரும்போது 'அங்கே வாங்கினீங்களா' என்கிற கேள்விக்கு அந்த ஒரு தாள்தான் பதில். பெட்டியை ஒட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யணும். எண்ணைப் பார்க்கணும் என்று சொன்னால் கட்டினதையெல்லாம் அவிழ்க்க வேண்டிவரும்.

பள்ளத்தூரான்

விமானமே வேண்டாம்னு மணிப்பூர் மோரே வழியா பர்மா, தாய்லாந்துன்னு தரையிலேயே போகலாமே? நம்ம ஊர்ப் பெரியவங்க கொண்டுவிக்கப் போன நாடு.

ஆச்சி_தேவகோட்டை

அவங்க கப்பலில் போனாங்க தம்பி. மோரே–தமு எல்லையை வெளிநாட்டுப் பயணிகளுக்கு 2018 ஆகஸ்டில் திறந்தாங்க. 2020-ல் தொற்றுக்காலத்தில் அடைத்தாங்க. 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவ ஆட்சி, 2023 மே முதல் மணிப்பூரில் கலவரம். அந்த வழியை நம்பி இப்போது திட்டம் போட முடியாது.

விமானம் வேண்டாம், ஒரு எல்லையைத் தாண்டிப் பழகணும் என்றால் நேபாளம் இருக்கு. காசிக்கு ரயில், நகரத்தார் சத்திரத்தில் தங்கல், அங்கிருந்து கோரக்பூர் வழியாக நேபாள எல்லையான சுனௌலி 300 கிலோமீட்டர் சொச்சம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். ஆதாரை நம்பிப் போகாதீங்க, 15 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் உள்ளவங்களுக்குத்தான் அது செல்லும்.

தண்ணீர்மலை (பினாங்கு)

வணக்கம். இந்தப் பக்கத்துச் சாலையை நான் சொல்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் நகரத்துக்குள் போகவே வேண்டாம். நெடுஞ்சாலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், அவற்றில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. பக்கத்திலேயே செப்பாங், சாலாக் திங்கி வட்டாரத்தில் அறை எடுத்து வண்டியைப் பூட்டுங்கள். கடைசி இரவுக்கும் அதே இடத்தைப் பதிந்தால் அட்டைப்பெட்டியை வைத்துக்கொள்வார்களா என்று கேட்கலாம். மறுநாள் பந்திங், கிள்ளான், கோலசிலாங்கூர், சபாக் பெர்ணாம், தெலுக் இந்தான், சித்தியவான், தைப்பிங், பட்டர்வொர்த். 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பெரும்பகுதி சமதளம், ஐந்தாம் எண் கூட்டரசுச் (மத்திய அரசு) சாலை. கிள்ளானிலும் தோட்டப்புறங்களிலும் தமிழிலேயே வழி கேட்கலாம், பசியாற இட்லி தோசைக்கும் பஞ்சமில்லை.

செம்பனைக் (பாமாயில் எடுக்கும் பனை) குலை ஏற்றிய லாரிகள்தான் ஆபத்து. குலை சாலையில் விழுந்து நசுங்கினால் அந்த இடம் எண்ணெய்ப் பிசுக்கு. மழை பெய்தால் இன்னும் மோசம். வளைவில் பிரேக் பிடிக்காதீர்கள், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

பினாங்குப் பாலத்தில் சைக்கிள் விடமாட்டார்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி, சைக்கிளோடு ஏறலாம்.

இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்கத் தவறுவது நேரம். மலேசியாவில் விடியவே ஏழு மணிக்கு மேல் ஆகும், ஜனவரியில் ஏழரை. அஞ்சு மணிக்கு எழுந்து ஓட்டிப் பழகியவர்கள் இரண்டு மணி நேரம் இருட்டில் ஓட்டவேண்டி வரும். பின் விளக்கு நல்லதாக இருக்கட்டும்.

செம்மண்பாதை (காரைக்குடி)

எல்லை எங்கே தாண்டுவது? புக்கிட் காயு ஈத்தாமா, பாடாங் பெசாரா?

தண்ணீர்மலை (பினாங்கு)

அலோர் ஸ்டாரிலிருந்து புக்கிட் காயு ஈத்தாம் 50 கிலோமீட்டருக்குள், நேர் சாலை. அதுதான் சரக்கு லாரிகளின் வாசல். வெள்ளி, சனி, பள்ளி விடுமுறை என்றால் கார் வரிசை முடிவே தெரியாது. சைக்கிள் மோட்டார்சைக்கிள் பாதையில் போகவேண்டும். எல்லையில் நடக்கும் தவறுகளில் பெரியது இங்கேதான்: ஓட்டிக்கொண்டே போகிறவர் மலேசியக் குடிநுழைவுச் (இமிகிரேஷன்) சாவடியில் வெளியேறும் பதிவு போடாமல் நழுவிவிடுவார். தாய்லாந்துக் கவுன்டரில் அது தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வரும்போது தெரிந்தாலும் சிக்கல்தான். சாவடி வந்ததும் இறங்கி உருட்டுங்கள். இரண்டு இடத்திலும் பதிவானதா என்று கேட்டுக்கொண்டு நகருங்கள்.

தாய்லாந்து மணி ஒரு மணி நேரம் பின்னால். சாவடி இரவில் மூடும். மலேசிய மணிக்கு மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்கம் ஹாட்யாய் வரை 55, 60 கிலோமீட்டர் வெளிச்சத்திலேயே முடியும்.

சரளைக்கல்

நான் பாடாங் பெசார் பக்கம். கங்கார் வழியா வயல்காட்டுச் சாலை, லாரி குறைவு. முன்னபின்ன எல்லை தாண்டாத ஆளுக்கு அந்த நெரிசல்ல எதுக்குப் போய் முட்டணும்?

தண்ணீர்மலை (பினாங்கு)

அதிலும் நியாயம் இருக்கிறது. போவது ஒன்று, வருவது ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாடாங் பெசாரில் ரயில் இருக்கிறதே, வண்டி கெட்டால் ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மலேசிய மின்ரயிலில் மடக்காத சைக்கிளை ஏற்றமாட்டார்கள்.

வரைபடத்தில் வாங் கெலியான் என்று ஒரு குறுக்கு வழி தெரியும். அது மலைச்சாலை. சுமையோடு ஏறும் செங்குத்தைச் செட்டிநாட்டில் பழகவே முடியாது. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவையும் பையோடு ஏறிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஆச்சி_தேவகோட்டை

கிழக்கே போகாதீங்க என்பதையும் சேர்த்துக்கோங்க. யாலா, பட்டாணி, நாரதிவாட் மூன்று மாகாணமும், சொங்க்லாவின் சனா, தேபா, நாதவி, சபாயோய் வட்டங்களும் 2004 முதல் கிளர்ச்சி நடக்கிற பகுதி. பயணக் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது. 'ஹாட்யாயிலிருந்து கடற்கரையோரமா கிழக்கே ஒரு சுற்று' என்று கிளம்பினால் நேராக அதற்குள்தான் போவீங்க. காப்பீட்டில் சைக்கிள் பயணம் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்றும் படிங்க.

பள்ளத்தூரான்

தாய் மொழி சுத்தமா தெரியாதே. பஞ்சர் கடையை எப்படிக் கேக்கிறது?

தண்ணீர்மலை (பினாங்கு)

சைக்கிளுக்கு அங்கே 'சக்ரயான்' என்று பெயர். சக்கரம், யானம், நமக்குச் சொல்லித்தரவே வேண்டாம். பழுது பார்க்கும் கடை 'ரான் சோம் சக்ரயான்', தண்ணீர் 'நாம்'. மலேசியாவில் 'கெடாய் பாசிக்கால்'. சைக்கிள் கடை இல்லாத ஊரில் மோட்டார்சைக்கிள் கடை இருக்கும், ஸ்பானரும் காற்றும் அங்கே கிடைக்கும்.

கோட்டையூர்_பட்டறை

வெயிலைப் பத்தி யாரும் சொல்லலையே. காரைக்குடி வெயில்ல ஓட்டுறவனுக்கு 33 டிகிரி என்ன பெருசுன்னு தோணும். அங்க காத்துல ஈரம் அதிகம், வேர்வை காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது, வழிஞ்சு ஓடி உப்பைத்தான் கொண்டு போகும். வெறும் தண்ணியை லிட்டர் லிட்டரா குடிச்சா ரத்தத்துல உப்பு இன்னும் நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், மயக்கம். ஒரு லிட்டர் தண்ணிக்குத் தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இல்ல ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து. பதினோரு மணிக்கு நிழல்ல ஒதுங்கிட்டு மூணு மணிக்கு மேல கிளம்புங்க.

செயினுக்கு மழைக்கால எண்ணெய். தேங்காயெண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் ஊத்தாதீங்க, மண் பிடிச்சு அரைச்சுரும். அறுந்த செயினை இணைக்கிற குவிக் லிங்க் ரெண்டு, 8 ஸ்பீடு செயினுக்கு 8 ஸ்பீடு லிங்க்தான், 9 சேராது. பிரேக் பேடு ரெண்டு ஜோடி, பழைய பேடைக் காட்டி வாங்குங்க, வடிவம் அத்தனை வகை.

ஆச்சி_தேவகோட்டை

பலகாரம் எடுத்துப் போறதா இருந்தா மனகோலம், சீப்புச்சீடை தாங்கும். நெய் அதிரசம் அந்தப் புழுக்கத்துக்கு ஆகாது. கோழி வறுவல், உப்புக்கண்டம் மாதிரி இறைச்சிச் சாமான் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. பிறகு எப்போதாவது ஜோகூர் வழியாகச் சிங்கப்பூருக்கு நீட்டினால், கசகசா போட்டு அரைத்த மசாலாப் பொடியைப் பையில் வைக்காதீங்க. அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் துறையோட கணக்கு. நம் வீட்டுக் குழம்புப்பொடி டப்பாவை அவங்களுக்கு விளக்கிச் சொல்லிக்கிட்டு நிக்க முடியாது.

தெருநாய் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. கிளம்புவதற்கு முன்னாலேயே வெறிநாய்த் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டால் அங்கே போடவேண்டிய ஊசி குறையும்.

செம்மண்பாதை (காரைக்குடி)

எல்லாருக்கும் நன்றி. 32 ஸ்போக்கைக் கழட்டிவிட்டு 36 கட்டச் சொல்லிவிட்டேன். ஹேங்கர் மட்டும் கிடைக்கவில்லை, கடையில் 'எல்லாம் ஒன்னுதான்' என்று ஏதோ ஒன்றைக் கொடுக்கிறார்கள்.

சரளைக்கல்

வாங்காதீங்க. உங்க வண்டியில இருக்கிறதைக் கழட்டி, ரெண்டு பக்கமும் ஸ்கேலோட வச்சுப் படம் எடுத்து இங்க போடுங்க. திருகு ஓட்டைக்கு நடுவுல உள்ள தூரம் தெரியணும். கழட்டும்போது அந்தச் சின்ன போல்ட் இழை போகாம பாத்துக்கோங்க.